இரண்டு மூக்குக் குடுவை

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அந்த மண்குடுவை, தென் அமெரிக்காவின் புராதனப் பெரு நாட்டுக்காரர் செய்தது. அதன் வயிற்றைச் சுற்றி, பூனைமீசை வைத்த மனிதன் ஒருவனையும் சில குருவிகளையும் தீட்டியிருந்தார்கள். எனக்கு ஓவியத்தில் மனம் செல்லவில்லை. குடுவையின் மேலே, கெண்டிக்கு இருப்பதுபோல மூக்கு இருந்தது. ஆனால் ஒன்றல்ல, இரண்டு. விளக்கப் பலகையை இரண்டு தரம் படித்தேன். அதைப்பற்றி ஒரு சொல் இல்லை. எரிச்சல் வந்தது.

"புருசனும் பெண்சாதியும் ஒண்டாய்க் குடிக்கிறதுக்கு," என்றேன் மனைவியிடம்.

"இரண்டு பேற்ற தலையும் முட்டுமெல்லோ அப்பா," என்றாள்.

மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீடு வரை காரோட்டி வந்தும் அந்த யோசனை விடவில்லை. மறுநாள் காலை தேநீருக்குத் தகரத்தில் அடைத்த ரின்பால் எடுத்து, மூடியில் ஒரு ஓட்டை போட்டேன். பால் இறங்காமல் அடம்பிடித்தது. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டதும், காற்று உள்ளே போக, பால் சீராக வடிந்தது. கத்தியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

"கண்டுபிடிச்சிட்டன்! மற்ற மூக்கு காத்துப் போறதுக்கு!" என்று கத்தினேன்.

மனைவி வந்து ரின்னைப் பார்த்தாள்.

"ஓம், சரிதான். அந்த மீசைக்காரன்ர கையிலை தொங்கினது என்னெண்டு பாத்தனீங்களே?"

"இல்லை. என்னது?"

"வெட்டின மனுசத் தலை. தலைமயிரிலை பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்."

அரை மணித்தியாலம் அந்தக் குடுவையின் முன்னால் நின்றவன் நான்.