இடம் சுற்றும் தென்னை

இயற்கையில் கணக்கு இருக்கிறது என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். கணக்கு இருந்துவிட்டுப் போகட்டும். அது நம் வீட்டு நல்லது கெட்டதைத் தீர்மானிக்கிறது என்பவர்களோடுதான் எனக்குப் பகை.

எட்டாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவன் நான். புயலுக்குப் பிறகு மன்னார்குடிப் பக்கம் மரம் அறுத்துப் பிழைத்தேன். ஒரு வீட்டுக் கொல்லையில் தப்பி நின்றவை நான்கு தென்னை. புருஷன் வளைகுடாவில், பல மாதங்களாகப் போனும் இல்லை, பணமும் இல்லை. தேங்காய் விற்றுத்தான் அந்த அம்மா பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். அங்கே மரம் அறுக்க நான் போனபோது, தஞ்சாவூரிலிருந்து காரில் வந்த எண் சோதிடர் ஒருவர் செல்போனில் சங்கையும் சூரியகாந்தியையும் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, எட்டு. முன்னால உள்ள ரெண்டக் கூட்டுனா அடுத்தது. ஆண்டவன் போட்ட கணக்கும்மா. எல்லாம் வலமாத்தான் சுத்தணும். மட்டை இடமா சுத்துற மரம் ஆம்பளைய வீடு தங்க விடாது.”

அண்ணாந்து பார்த்து இரண்டு மரங்களைக் காட்டினார். கயிறு கட்ட அவற்றில் ஒன்றில் ஏறினேன். உச்சியிலிருந்து பார்த்தால் மட்டைகள் வலமாகச் சுற்றின. கடிகாரத்தைப் பின்னாலிருந்து பார்ப்பதுபோலத்தான். கீழே இடம் என்றால் மேலே வலம்.

“சாமி, மேலேருந்து பாத்தா இது வலமால்ல சுத்துது?”

அவர் தடுமாறவே இல்லை. “சூரியன் மேலேருந்துதான பாக்குது? அப்ப தப்பு மத்த ரெண்டுலதான்.”

“அதுங்கதாங்க நல்லா காய்க்குது,” என்றார் அந்த அம்மா.

“காய்க்காம? உங்க வீட்டுக்காரர் சம்பாத்தியத்த உறிஞ்சுதுல்ல.”

அந்த அம்மா நான்கையும் மாறி மாறிப் பார்த்தார். “எதுன்னு சரியா தெரியலன்னா எதுவுமே வேணாம். நாலையும் சாச்சிடுங்கண்ணே.”

“அவரு பேசாததுக்குத் தென்ன என்னம்மா பண்ணும்?”

“உங்களுக்கென்ன, நாளைக்கு வேற ஊரு. நான்தான இங்க இருக்கணும்.”

அறுத்தேன். சாய்ந்த மரத்தின் குருத்தை வெட்டிக் கொடுத்தபோது சோதிடர் மென்றுகொண்டே அதன் அடுக்கை விரலால் தொட்டுக் காட்டினார். “பாத்தீங்களா, இங்கயும் அதே கணக்கு.”

“எப்பங்க பேசுவாரு?” என்று அந்த அம்மா கேட்டார்.

“எண்ணுக்கு அவசரம் கிடையாதும்மா,” என்று எழுந்தவர், என்னைப் பார்த்தார். “அந்த எளநிக் கொலைய டிக்கியில வைப்பா.”

“சம்பாத்தியத்த உறிஞ்சுற மரமாச்சே சாமி. உங்களுக்கு எதுக்கு?”

நான் அசையவில்லை. அந்த அம்மாதான் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்.