நான் கொடுக்காத மாப்பு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர் என் சாச்சா, வாப்பாவின் தம்பி. அவரை நான் அத்தனை இலேசில் போகவிடவில்லை.

கண்டி மலைகளெல்லாம் கோப்பிக் காடாக இருந்த காலம் அது. சாச்சா தெல்தோட்டைப் பக்கமிருந்து கோப்பி மூட்டைகளைப் பொதிமாடுகளில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுவருவார். கூடவே வாய் நிறையப் பொய்யும் கொண்டுவருவார். ஒருநாள் நான் சிவந்த கோப்பிப் பழமொன்றைக் கொட்டையோடு விழுங்கிவிட்டேன்.

"போச்சு மகள். இனிக் காதுக்குள்ளால மரம் முளைக்கும். தொர வந்து ஒன்னயும் தோட்டத்தோட சேத்துக்குவாரு" என்றார், சிரிப்பின் சாயலே இல்லாமல்.

நம்பித் தொலைத்தேன். கண் விழித்ததும் முதல் வேலை, காதைத் தடவிப் பார்ப்பதுதான். கடைசியில் உம்மா உண்மையைச் சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அதற்குள் சாச்சாவின் கையில் நாலு காசு சேர்ந்து, ஹஜ் அவருக்குக் கடமையாகியிருந்தது. புறப்படுமுன், செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி எல்லோரிடமும் மாப்பு கேட்க வேண்டும். சாச்சா வீடு வீடாக ஏறி இறங்கினார். கேட்டவுடன் எல்லோரும் கொடுத்தார்கள், கட்டிப்பிடித்து அழுதார்கள். அவரோடு முகம் கொடுத்துப் பேசாத கடைக்காரர்கூட அழுதார். இவ்வளவு சுலபமா என்று எனக்கு எரிச்சல்.

கடைசியாக என் முன்னால் வந்து பாயில் உட்கார்ந்தார்.

"மகள், சாச்சாவுக்கு மாப்புத் தாங்க."

"தரமாட்டன். திரும்பி வந்த பொறகு பாப்பம்."

உம்மா என் தொடையைக் கிள்ளினார். சாச்சா தடுத்தார். "உடுங்க மதினி. நான் திரும்பி வருவன்டு நெனக்கிற ஆள் இவ ஒருத்திதான்."

அவருடைய பெட்டியில் உம்மா துணிகளை அடுக்கினார். ஹஜ்ஜில் உடுத்தும் இஹ்ராமுக்கு இரண்டு வெள்ளைத் துண்டு. அவற்றுக்கு அடியில் இன்னொரு வெள்ளைத் துணி. அதை மட்டும் உம்மா மூன்று முறை பிரித்துப் பிரித்து மடித்தார்.

கப்பலேறியவரைப் பற்றி மாதக்கணக்கில் ஒரு சேதியும் இல்லை. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் உம்மாவின் துஆ நீண்டுகொண்டே போனது. வாப்பா சோற்றைப் பிசைந்தபடி வாசலையே பார்ப்பார். எனக்கோ ஒரு கவலையும் இல்லை. வாங்க வேண்டியது என்னிடம் இருக்கும்போது வராமல் எங்கே போய்விடுவார்?

வந்தார். பாதியாக மெலிந்து, தாடி நரைத்து. தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"இப்ப தாங்க மகள்."

எனக்கு எதற்காகக் கோபம் என்பதே மறந்துபோயிருந்தது. ஆனாலும் பெரிய மனசு பண்ணிக் கொடுத்தேன். சாச்சா என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

பெட்டியைத் திறந்தார்கள். பேரீச்சம்பழம், ஸம்ஸம் தண்ணீர், எல்லாவற்றுக்கும் அடியில் அந்த வெள்ளைத் துணி, மடிப்புக் கலையாமல்.

"இத நீங்க உடுக்கவே இல்லயே சாச்சா! எனக்குச் சட்டை தைக்கத் தாங்களேன்."

உம்மா பாய்ந்து என் வாயைப் பொத்தினார். பிறகு சாச்சா சிரித்தார், கண்ணில் நீர் வழியுமட்டும் சிரித்தார். "அல்ஹம்துலில்லாஹ். வெட்டுங்க மதினி, அவளுக்கே தைங்க."

உம்மா அழுதுகொண்டே தைத்தார். நோன்புப் பெருநாளன்று நான் அதை உடுத்திக்கொண்டு, பூவேலை ஒன்றுமில்லையே என்று முணுமுணுத்தபடி தெருவெல்லாம் சுற்றினேன். வழியில் மௌத்தானால் தன்னைப் போர்த்தி அடக்கவென்று சாச்சா கொண்டுபோன கபன் துணி அது என்று அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.