பிரித்துப் பார்க்காத கட்டு

அந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஜன்னலே இல்லாத நீளமான அறை ஒன்று உண்டு. மேலே ஆபரேஷன் முடிந்ததும் கத்தரி, இடுக்கி, ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் எல்லாம் டிரேயோடு அங்கேதான் இறங்கி வரும். வரும்போது அவை இருக்கிற கோலத்தைச் சொன்னால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். கிளாம்ப்பின் மூட்டுக்குள் ரத்தம் உறைந்து, பழைய பசை மாதிரி கறுத்து ஒட்டியிருக்கும். எலும்பு அறுத்த ரம்பத்தின் பல்லுக்குள் வெள்ளையாக மாவு அப்பியிருக்கும். கொழுப்பு பட்ட கத்தரி கையில் நிற்காமல் வழுக்கும். இதையெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, துடைத்து, துணியில் கட்டி, டேப் ஒட்டி, ஆட்டோகிளேவ் என்கிற நீராவி இயந்திரத்தில் ஏற்றி இறக்குவது அந்த அறைக்காரர்களின் வேலை.

இருபத்திரண்டு வருஷமாக அந்த வேலையைப் பார்த்தவளுக்கு ஆஸ்பத்திரி முழுக்க வழங்கிய பெயர் பூதக்கண்ணாடி. மேஜையில் ஒரு பெரிய பூதக்கண்ணாடி விளக்கு இருந்தது. அதை விட்டு அவள் முகம் விலகிப் பார்த்தவர்கள் குறைவு. ரத்தமும் சீழும் அவளை ஒன்றும் செய்யாது. அடுத்தவர் கழுவிய கத்தரியைக் கண்டால்தான் அவளுக்குக் குமட்டும். யார் எதைக் கழுவி வைத்தாலும் இரண்டு விரலால் நுனியைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் காட்டி, மூக்கைச் சுளித்து, “இதுக்குப் பேரு கழுவுறதா?” என்று தொட்டியில் திரும்பப் போடுவாள். பத்தில் இரண்டில் அழுக்கு இருக்கத்தான் செய்யும். மீதி எட்டில் இருக்காது. அந்த எட்டையும் திரும்பக் கழுவினால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

வீட்டிலும் இதே கூத்துதான். கணவர் லாரி மெக்கானிக். பாவம், கிரீஸ் போக அரைமணி நேரம் கை தேய்த்துவிட்டு வந்து, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பார். அவள் அதை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே திரும்பக் கழுவுவாள். ஒருநாள் அவர் தட்டை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

“நான் கழுவினா நீ திருப்பிக் கழுவப் போற. ஒரு தட்டுக்கு ரெண்டு பேர் எதுக்கு?”

அதற்கப்புறம், “எங்க வீட்டுல ஒரு துரும்பை நகர்த்த ஆள் கிடையாது” என்று ஊரெல்லாம் புலம்பினாள். என்னத்தைச் சொல்ல.

வேலையிடத்தில் ஒரு விதி இருந்தது. ஒருவர் கட்டுகிற கட்டை, மூடுவதற்கு முன்னால் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மூடி நீராவியில் ஏற்றிய பிறகு யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்துவிட்டால் அது எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் செல்லாது. மறுபடி முதலிலிருந்து கட்டி ஏற்ற வேண்டும். இந்த விதியின் முதல் பாதியை அவள் மற்றவர்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டாள். அவள் கட்டை எவனும் எட்டிப் பார்க்க முடியாது. மூடி முடித்த பிறகு நீட்டுவாள், பெரிய நர்ஸும் சண்டைக்குப் பயந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்.

இப்படியிருக்கும்போதுதான் உறிஞ்சி வந்து சேர்ந்தான். நாற்பது வயது ஆள், வழுக்கைத் தலை, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். மூக்கில் என்னவோ கோளாறு. நிமிஷத்துக்கு ஒருதரம் உர்ரென்று உறிஞ்சுவான். முகக்கவசத்துக்குள் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு அடிவயிற்றைப் புரட்டிக்கொண்டு வரும். பெயரை வைத்தவளும் அவள்தான். அவன் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார மாட்டாள், அவன் பேனாவைத் தொட மாட்டாள். அவன் மூக்கைத் தொட்ட ஒவ்வொரு தடவையும் போய்க் கையுறை மாற்றி வருகிறான் என்பதை அவளும் பார்த்தாள். பார்த்தும் குமட்டியது.

ஒருநாள் அவனாகவே மாடிக்கு ஓடி, அனுப்பிய கட்டுகளில் ஆறைத் திருப்பி வாங்கிவந்தான். நீராவி சரியாகப் பட்டால் கறுக்க வேண்டிய டேப்பின் கோடுகள் கறுத்தனவா என்று கவனிக்காமல் விட்டுவிட்டானாம். டாக்டரிடம் வாங்கிய திட்டு படிக்கட்டு வரை கேட்டது.

“தப்பையும் பண்ணிட்டு, அதைத் தம்பட்டம் வேற அடிக்கிறான் பாரு. மானங்கெட்டவன்” என்றாள் அவள்.

அந்த வருஷம் அவள் பித்தப்பையில் கல் வந்தது. சோறு உள்ளே போனால் வலது விலாவுக்குக் கீழே யாரோ முறுக்கிப் பிழிவது போல் வலி. வாயெல்லாம் கசப்பு, பச்சையும் மஞ்சளுமாக வாந்தி. அதையும் அவள் கழிவறையில் குனிந்து நின்று ஆராய்ந்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவாள். ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னார். அவளும் சரி என்றாள். ஆனால் யார் கழுவிய கத்தரி தன் வயிற்றுக்குள் போகும் என்று நினைத்த மாத்திரத்தில் உடம்பு கூசியது. முதல் தேதியில் லீவு இல்லை என்று தட்டிக்கழித்தாள். இரண்டாவது தேதியில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்க, வேண்டுமென்றே டீ குடித்துவிட்டு வந்தாள். மூன்றாவது தடவை தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போன ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

நாலாவது தடவை காய்ச்சலோடு வந்தபோது டாக்டர் கணவரைக் கூப்பிட்டுச் சொன்னார்: “உள்ள சீழ் வைக்க ஆரம்பிச்சிருக்கு. நாளைக்குக் காலைல எடுத்தாகணும். பை கிழிஞ்சா ஆளைக் காப்பாத்துறது கஷ்டம்.”

கணவர் அவள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். அப்புறம், “நான் கழுவுற தட்டுல நீ சாப்பிடாட்டிப் போற. நீ இல்லாம நான் எந்தத் தட்டுல சாப்பிடுறது?” என்றார். ஆனாலும் விட்டாளா? தன் ஆபரேஷனுக்கான கத்தரி, கிளாம்ப் செட்டைத் தானே கட்டிக்கொள்ள விட்டால்தான் படுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஊசி குத்திய கையோடு, காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு அடித்தளத்துக்கு இறங்கினாள்.

ஒவ்வொரு கிளாம்ப்பையும் திறந்து மூடி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக் கட்டினாள். நீராவியில் ஏறி இறங்கியது. டேப்பில் கோடுகள் அழகாகக் கறுத்திருந்தன. அதோடு போய்ப் படுத்திருக்கலாம். மூன்றாவது கிளாம்ப்பின் மூட்டைப் பார்த்தோமா என்று ஒரு சந்தேகம். பிரித்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடி கட்டி ஏற்றினாள். இறங்கியதும் கத்தரியின் கைப்பிடியில் ஒரு சந்தேகம். மறுபடி பிரித்தாள். அந்த அறையின் புழுக்கத்தில் காய்ச்சல் ஏறி, விலா முறுக்கி, வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. தலைக்குல்லாயை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்ப மாட்டிக்கொண்டு, மறுபடி கட்ட உட்கார்ந்தாள்.

உறிஞ்சி தன் மேஜையிலிருந்து, “அக்கா, மூடுறதுக்கு முன்னால நான் வேணா ஒருதரம் பாக்கட்டுமா?” என்றான்.

“நீ உன் மூக்கைப் பாரு.”

அவன் தன் வேலைக்குத் திரும்பிக்கொண்டான். அவள் கட்டை மூடி மூன்றாவது தடவையாக நீராவியில் ஏற்றினாள்.

காலையில் ஆபரேஷன் தியேட்டரில் அவளைப் படுக்க வைத்து, கையில் ட்யூப் மாட்டி, மயக்க மருந்துக்காரர் ஊசியைத் தயாராக வைத்திருந்தார். தியேட்டர் நர்ஸ் அவள் கட்டை அவள் கண் முன்னாலேயே பிரித்தாள். அதுவும் அவள் போட்ட நிபந்தனைதான். துணி நாலு பக்கமும் விரிந்தது. நர்ஸின் கை அப்படியே நின்றது. அவள் இடுக்கியால் எதையோ பிடித்து உயரத் தூக்கினாள்.

ஒரு முடி. நீளமாக, நீராவியில் வெந்து சுருண்டு, ஒரு கிளாம்ப்பில் சுற்றிக்கொண்டு வந்தது. அடியில் ஓர் அங்குலம் வெள்ளை, மீதி செம்பட்டைச் சாயம்.

யாருடையது என்று கேட்கவே வேண்டாம். உறிஞ்சியின் தலையில் மருந்துக்குக்கூட முடி கிடையாது. அந்த ஆஸ்பத்திரியில் அந்தச் சாயத்தைப் பூசுகிற தலை ஒன்றே ஒன்றுதான். அது அந்த மேஜையில்தான் படுத்திருந்தது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் அழுக்கைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டியவளுக்கு, தன் அழுக்கை இன்னொருத்தி தூக்கிக் காட்டினால் எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அவளுக்கு வாந்தி வந்தது. வயிற்றில் ஒன்றும் இல்லாததால் கசப்பு மட்டும் தொண்டை வரை வந்து போனது.

“அக்கா, இது ஆகாது” என்றாள் நர்ஸ் மெதுவாக. “இன்னொரு செட் பக்கத்துத் தியேட்டர்ல ஓடிட்டிருக்கு. மிச்சம் ஒண்ணுதான் இருக்கு. நேத்து கீழ உங்க பக்கத்து மேஜைக்காரர் கட்டினது.”

அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். வலி படுக்க வைத்தது.

“அவனைக் கூப்பிடுங்க.”

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். ஆனாலும் ஆள் போனது. இரண்டு நிமிஷத்தில் கதவருகே உர்ரென்ற சத்தம் கேட்டது.

“நல்லாப் பாத்தியா?” என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

“பாத்தேன்க்கா. ஒரு கிளாம்ப்ல சந்தேகமா இருந்துச்சு. பெரிய நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூட்டுக்குள்ள கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு. எடுத்துட்டு, முழு செட்டையும் திருப்பிக் கழுவிக் கட்டினேன். அவங்கதான் ரெண்டாவது கையெழுத்து.”

“ஒட்டியிருந்ததை ஏன்டா இப்ப என்கிட்ட சொல்ற?”

“நீங்க கேட்டீங்களே.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூட்டுக்குள் ஒட்டியிருந்தது என்ற வார்த்தை உடம்பெல்லாம் ஊர்ந்தது. அவன் இடத்தில் அவள் இருந்திருந்தால் சொல்லியிருப்பாளா? செத்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் தன் கட்டுகளுக்குள் எத்தனை முடி போயிற்றோ, யாருக்குத் தெரியும்? பார்க்கத்தான் யாரையும் விடவில்லையே.

“அக்கா, கட்டோட கொண்டுவந்து காட்டட்டுமா? மேல டேப்பை வேணா பாருங்க” என்றாள் நர்ஸ்.

“வேண்டாம்.” பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: “அவனை முதல்ல போய் மூக்கைச் சிந்தச் சொல்லுங்க. கட்டை அந்தப் பக்கம் வெச்சுப் பிரிங்க.”

மயக்க மருந்து ஏறும் வரை அவள் முகச்சுளிப்பு மாறவில்லை என்று பிற்பாடு நர்ஸ் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்த பித்தப்பையைக் கணவரிடம் காட்டினார்களாம். அழுகிய பழம் மாதிரி கறுத்து நாறியது என்று சொன்னார். இன்னும் ஒருநாள் போயிருந்தால் கிழிந்திருக்கும்.

அடுத்த நாலு நாளும் அவள் வேறு ஒரு வேலையும் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட வயிற்றின் மேல் மூக்கைக் கொண்டுபோய் நாற்றம் வருகிறதா என்று பார்த்தாள். மணிக்கு ஒருதரம் காய்ச்சல் பார்க்கச் சொன்னாள். பிளாஸ்டரின் ஓரத்தை நகத்தால் தூக்கித் தூக்கி எட்டிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் வார்டு நர்ஸ் வந்து கட்டை முழுசாகப் பிரித்தபோது, தலையணையை முதுகுக்குக் கொடுத்து எழுந்து, தையல் தையலாக ஆராய்ந்தாள். சிவப்பில்லை, வீக்கமில்லை, ஒரு சொட்டுச் சீழில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு சுத்தமான காயத்தை அவள் பார்த்ததில்லை.

அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஒரு கணம்தான். என்ன நினைத்தோம் என்று அவளுக்கு உறைக்க இன்னொரு கணம் ஆயிற்று. அவன் கழுவியது அழுக்கு என்று காட்ட, தன் வயிறு சீழ் பிடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று நாலு நாளாகக் காத்துக் கிடந்திருக்கிறாள். அவள் தொட்ட ரத்தம், கொழுப்பு, எலும்பு மாவு, அந்த வெந்த முடி, எதுவும் இவ்வளவு நாறியதில்லை. உள்ளங்கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“வலிக்குதா அக்கா?” என்றாள் வார்டு நர்ஸ், புதுத் துணியை விரித்தபடி.

“இல்ல.”

“இன்னொருதரம் பாத்துக்கிறீங்களா? ஒட்டிட்டேன்னா மூணு நாளைக்குப் பிரிக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா.”

அவள் காயத்தைப் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“ஒட்டிடும்மா” என்றாள்.