எந்தக் கன்னத்து மச்சம்

எங்கள் சட்டைக் கம்பெனியில் செக்கிங் மேசையில் எனக்கு அடுத்த இடம் அவளுடையது. பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. ஒரு தையல் விலகியிருந்தாலும், பை இம்மி இறங்கியிருந்தாலும், சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். தையல்காரர்கள் அவளைக் கரித்துக் கொட்டுவார்கள். நான் அவளை விட்டுக்கொடுத்ததில்லை. வேலையென்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் புருஷன், லிஃப்ட் மெக்கானிக், வேலை செய்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அடுத்த மாதமே பஸ்ஸில் அவள் போன் திருட்டுப் போனது. ஆறு வருஷத்துப் படங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. எடுத்தவன் நாசமாய்ப் போக என்று வாய்விட்டே சபித்தேன். இப்போதும் சபிப்பேன்.

மிஞ்சியது நாலே படம். கல்யாணப் படத்தில் முகமெல்லாம் மேக்கப். அடையாள அட்டைப் படத்தில் ஸ்டுடியோக்காரர் கன்னத்து மச்சத்தையும் சேர்த்துத் துடைத்து வழவழவென்று ஆக்கிவிட்டிருந்தார், யார் கேட்டார்களோ. மற்ற இரண்டும் வெவ்வேறு போனில், பனியனோடு அவரே எடுத்துத் தன் அம்மாவுக்கும் தம்பிக்கும் அனுப்பிய செல்ஃபி.

"முகம் கலையுதுக்கா," என்றாள் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில். "முன்னல்லாம் கண்ணை மூடினா உடனே வந்துடும். இப்ப நேரமாகுது. சில நாள் வரவே மாட்டேங்குது. பெருசா ஒரு படம் வரைஞ்சு மாட்டிட்டா அப்படியே நிக்கும்ல?"

போட்டோவைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் படம் வரைந்து தருபவர் ஒருவரை நான்தான் தேடிப் பிடித்தேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. சிலேட்டு மாதிரி ஒரு திரை, அதன்மேல் பேனாவால் வரைகிறார். நாலு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மச்சம் ஒண்ணுல இடது கன்னத்துல இருக்கு, இன்னொண்ணுல வலதுல இருக்கு. செல்ஃபி எடுத்தா சில போன்ல முகம் கண்ணாடில தெரியற மாதிரி திரும்பிடும். எது சரின்னு நீங்கதாம்மா சொல்லணும்."

அவள் கையைத் தூக்கி எதிரே காற்றில் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை வைத்துப் பார்த்தாள். "நாளைக்கு வந்து சொல்றேன்," என்று எழுந்துவிட்டாள். தெருவுக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"ஆறு வருஷம் பக்கத்துல படுத்தவக்கா நான்."

மாமியார் இடது என்று அடித்துச் சொன்னார். கொழுந்தன் வலது என்று சத்தியமே செய்தான். அதோடு அம்மாவும் மகனும் சண்டை போட்டுக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. இவளுக்குத் தூக்கம் போயிற்று. மேசையில் கோணல் காலர் வைத்த சட்டைகளைப் பார்த்தபடியே விட்டாள். சூப்பர்வைசர் கத்தினார். நான் அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குத்தான் சலூன்காரர் நினைவு வந்தது. அவள் புருஷன் முகம் மழிக்க அவரைவிட்டு வேறு எங்கேயும் போனதில்லை. இழுத்துக்கொண்டு போனேன். விஷயத்தைக் கேட்ட சலூன்காரர் காலியாக இருந்த நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். இடது கை விரல்களால் இல்லாத கன்னத்தை இழுத்துப் பிடித்தார். வலது கையை மேலிருந்து கீழே கொண்டுவந்தார். பாதியில் கை நின்றது, சின்னதாக ஒரு வளைவு எடுத்தது, மறுபடி இறங்கியது.

"வலது கன்னம்மா," என்றார். "சந்தேகமே இல்ல. இங்க வந்தா கத்தி தானா சுத்திப் போகும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கேட்டியா? இதுக்குப் போயி நாலு நாளா உருகிக் கெடந்தியே! எழுந்திரு, படம் வரையறவர்கிட்டப் போவோம்," என்றேன்.

அவள் பெஞ்சிலிருந்து அசையவில்லை.

"படம் வரையறவர் கேட்டதாலதானேக்கா மச்சம் எந்தப் பக்கம்னு ஞாபகத்துல இருந்து போனது தெரிஞ்சுது. கேக்காததுல எதெல்லாம் போயிருக்கும்? அது எனக்கு எப்படித் தெரியும்?"

நான் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் சலூன்காரரை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணா, வேற என்ன ஞாபகம் இருக்கு? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "பின்னந்தலையில ரெண்டு சுழிம்மா. தாடைக்கு அடியில ஒரு பழைய தழும்பு, அரை விரல் நீளம். இடது காதுக்குப் பின்னால தொட்டா கூசும், சிரிச்சிடுவாரு…"

"மெதுவா சொல்லுங்கண்ணா," என்றாள் அவள், என் பையைத் திறந்து பேனாவைத் தேடிக்கொண்டே.