மகாதேவி மலையைச் சுற்றுகிறாள்

சீசன் உச்சத்தில் இருக்கிற சித்திரை மாதக் கடைசியில் கொடைக்கானலில் எந்தக் கடைக்காரரும் வேலையாளுக்கு லீவு தரமாட்டார். ஃபக்ருன்னிசா தந்தாள். நாயுடுபுரத்தில் அவள் நடத்திவந்த சாக்லேட் கடையில் மகாதேவி இல்லாமல் அடுப்படி நகராது. என்றாலும், பழனிக்குப் போய் மலை சுற்றவேண்டும் என்று மகாதேவி சொன்னபோது, அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அச்சில் ஊற்றிய சாக்லேட்டை ஒருமுறை தட்டிச் சமப்படுத்திவிட்டு, "போறதுன்னா நிமிந்து போ. தலையில சேலையைப் போத்திக்கிட்டு ஒளிஞ்சு போகாத. முக்காடு போடுறவ நான் சொல்றேன், நீ போடாத" என்றாள்.

இருவரும் பழனியில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஃபக்ருன்னிசா கல்யாணமாகிக் கொடைக்கானலுக்கு மலையேறினாள். ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த மகாதேவியோ, பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த சேனாதிபதிக்கு வாழ்க்கைப்பட்டாள்.

சேனாதிபதி வெளியாட்களுக்கு நல்ல மனிதன். காவடி எடுத்து வருகிறவர்களுக்கு மோர் ஊற்றுவான், வாடிக்கையாளர் பிள்ளைகளின் பெயர் முதற்கொண்டு ஞாபகம் வைத்திருப்பான். வீட்டுக்குள் வந்தால் கைதான் பேசும். பழம் கனிந்தது குற்றம், கனியாததும் குற்றம். ஒரு தைப்பூசக் கூட்டத்தின்போது, கடைக்குப் பின்னால் வைத்து அவன் அறைந்ததில் மகாதேவிக்கு இடது காது அடைத்துப்போனது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, சவ்வு கிழிந்துவிட்டது, கேட்பது கஷ்டம் என்றார். வீட்டுக்குத் திரும்பியதும் மாமியார், "வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிரு" என்றாள். காது போனதைவிட அந்தச் சொல்தான் மகாதேவியை அதிகமாகச் சுட்டது. மறுநாள் கட்டின சேலையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கொடைக்கானல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

எவனோடோ ஓடிப்போனாள் என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னாள். பழனியில் அவள் கால் பட்டால் அந்தக் காலை ஒடிப்பேன் என்று சேனாதிபதி சொல்லியனுப்பினான். இரண்டு வருடம் அவளும் போகவில்லை. பயம் இல்லை என்று சொல்லமாட்டாள், இருந்தது. விவாகரத்து வழக்கின் வாய்தாவுக்குக்கூட வக்கீலோடு போய், வக்கீலோடு திரும்பிவிடுவாள். ஆனால் அக்கினி நட்சத்திரத் திருவிழா வந்தால் இருப்புக்கொள்ளாது. சித்திரை முடிகிற வாரமும் வைகாசி பிறக்கிற வாரமும் பழனிக்காரர்கள் காலையும் மாலையும் மலையைச் சுற்றுவார்கள். பெண்கள் தலையில் கடம்பம்பூ இருக்கும். பாவாடை கட்டின காலத்திலிருந்து மகாதேவி விடாமல் சுற்றிய சுற்று அது. அடிவாங்கி முகம் வீங்கின வருடத்திலும் சுற்றியிருக்கிறாள். ஓடிவந்த பிறகு மட்டும் ஏன் விடவேண்டும் என்று அடுப்படியில் நின்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க, பயத்தின் இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

பழனியில் ஃபக்ருன்னிசாவின் அம்மா வீட்டில் தங்கினாள். வெள்ளனே எழுந்து குளித்து, கொண்டை போட்டு, கடம்பம்பூவைச் செருகிக்கொண்டு, பாதவிநாயகர் முன்னால் தோப்புக்கரணம் போட்டுவிட்டு நடக்கத் தொடங்கினாள். முன்னும் பின்னும் கூட்டம். குழந்தையைத் தோளில் போட்டவர்கள், கைத்தடி ஊன்றியவர்கள், பெருக்கிவிட்ட தெருவில் செருப்பில்லாத கால்களின் சத்தம். ரோப் கார் நிலையத்தைத் தாண்டி மேற்குக் கிரிவீதிக்குத் திரும்பினாள். அந்த வீதியில் வந்து சேர்கிற சந்தின் முனையில்தான் சேனாதிபதியின் கடை.

அவள் வந்திருக்கிற சேதி அவனுக்கு எப்படியோ எட்டியிருந்தது. கடையிலிருந்து இறங்கி, நடுவீதியில் வந்து நின்றான். அவனுடைய தாய் கடைவாசலில் நின்றாள். தம்பி மனைவி தாரணி உள்ளே கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எங்கடி வந்த?"

"மலை சுத்த வந்தேன்."

"வந்த வழியே திரும்பிப் போயிரு. இல்ல, நடுரோட்டுல அசிங்கப்படுத்திப்புடுவேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் 'வாங்க, போங்க' என்றுதான் பேசியிருக்கிறாள். அடி விழும்போதுகூட 'விடுங்க' என்றுதான் கத்தியிருக்கிறாள். அன்று அந்த 'ங்க' வாயில் வரவில்லை.

"கோயிலுக்கு வந்தவங்க நடக்குற ரோடு இது. உங்கப்பன் பட்டா போட்டு வாங்குன எடமா? தள்ளு."

அவன் கை ஓங்கினான். அவள் முகத்தைத் திருப்பவில்லை. கையைக் கொண்டு மறைக்கவும் இல்லை. அவள் நின்றதால் பின்னால் வந்தவர்களும் நிற்கவேண்டியதாயிற்று. நின்றவர்கள் எட்டிப்பார்த்தார்கள். ஓங்கின கையோடு நிற்கிறவனை, அவனிடம் வருடாவருடம் பஞ்சாமிர்தம் வாங்குகிறவர்களே பார்த்தார்கள். யாரும் அவனைத் தட்டிக்கேட்டுவிடவில்லை. "என்னப்பா, வழியில நின்னுக்கிட்டு" என்று மட்டும் ஒரு குரல் வந்தது. பின்னாலிருந்து அரோகரா என்று யாரோ குரல் எழுப்ப, கூட்டம் மறுபடி நகர்ந்தது. கை தானாக இறங்கியது. அவன் ஓரம்போனான். மகாதேவி அவனைக் கடந்து நடந்தாள். பாதவிநாயகர் முன்னால் வந்துதான் நின்றாள். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, இன்னொரு சுற்றுச் சுற்றினாள். அந்தச் சுற்றில் வீதியில் அவன் இல்லை.

அன்றைக்கே சேனாதிபதியின் பெரியப்பா தண்டாயுதபாணி சமாதானம் பேச வந்தார். கெட்ட மனிதரில்லை. குடும்ப மானம் கெடக்கூடாது, அவளும் சாமி கும்பிடட்டும், ஆகவே விடியுமுன் ஆளில்லாத நேரத்தில் சுற்றிவிட்டுப் போகலாமே என்றார். மகாதேவி அவருக்குக் காப்பி கொடுத்து, குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இருட்டுல சுத்துறதுக்கு நான் என்ன களவாணியா, மாமா? அடிச்சவரு வெளிச்சத்துல கடை தொறந்து யாவாரம் பாக்குறாரு. நானும் வெளிச்சத்துலதான் நடப்பேன்."

மாலையில், வீதி நிறைந்திருந்த நேரமாகப் பார்த்துக் கிளம்பினாள். திருவிழா முடியும்வரை ஒருவேளையும் விடவில்லை. மாமியார் ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெரிந்தவர்கள் சிலர் பார்க்காததுபோலப் போனார்கள். ஆயக்குடியிலிருந்து வந்த அவளுடைய சொந்த அண்ணனே எதிர்ப்பட்டு, நமக்கு எதுக்கு இந்த வீம்பு என்று கேட்டான். ஒனக்கு வேற சோலி இருந்தா பாரு என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அடுத்த வருடமும் வந்தாள். அதற்கடுத்த வருடம் விவாகரத்துத் தீர்ப்போடு வந்தாள். சேனாதிபதி அதற்குப் பிறகு வீதியில் இறங்கவில்லை. அவள் கடக்கும்போது கடைக்குள் போய்விடுவான், அல்லது சீசாக்களை அடுக்குவதுபோல முதுகைக் காட்டி நிற்பான்.

இந்த வருடம், திருவிழாவின் நடுவில் ஒரு மாலை, கடைவாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த தாரணி வாளியைக் கீழே வைத்தாள். உதட்டை அதிகம் அசைக்காமல், "அக்கா, காலையில வருவீங்கல்ல?" என்றாள். அவளுடைய கழுத்துக்குக் கீழே, சேலைத் தலைப்பு மூடாத இடத்தில், கன்றிப்போன ஒரு தடம் இருந்தது. அண்ணனைப் பார்த்துத் தம்பியும் கற்றிருந்தான். மகாதேவி வருவேன் என்றாள்.

காலையில் அவள் மேற்கு வீதிக்கு வந்தபோது, மலையின் நிழல் இன்னும் வீதியைவிட்டு விலகவில்லை. தாரணி செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லாச் சாவியை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, படியிறங்கி வந்தாள். கடையை யார் பார்ப்பது என்று மாமியார் கேட்டாள். உள்ளேயிருந்து சேனாதிபதி கூப்பிட்டான், பிறகு அவன் தம்பி கூப்பிட்டான். தாரணி மகாதேவியின் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டாள்.

ஆனால் அவளுக்கு நடக்க வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஓட்டமும் நடையுமாக முன்னால் போனாள். மகாதேவி எட்டி நடந்து அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"மெதுவா நட தாரணி. நம்மள யாரு வெரட்டுறா?"