படங்கின் கீழே ஐந்து நாள்

நனைந்த படங்குத் துணி வெயிலில் காயும்போது ஒரு மணம் வரும். உமி, மண்ணெண்ணெய், போன மாரியின் மழை, எல்லாம் சேர்ந்த மணம். நேற்று என் மகள் சிநேகிதிகளோடு ஆற்றங்கரைக் காட்டில் தங்கிவிட்டு வந்து, தன் நீலக் கூடாரத்தை முற்றத்துக் கொடியில் விரித்துப் போட்டாள். வெளிநாட்டுத் துணி. அது உமியைக் கண்டதில்லை, நெல்லைக் கண்டதில்லை. ஆனாலும் வெயில் ஏற ஏற அந்த மணம் வந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. காட்டுக்குப் போகிறவர்கள் யானைக்கு மட்டும் பயந்தால் போதும் என்றிருந்த காலம். அக்காவுக்குக் கலியாணம் முடிந்து நாலாம் நாள், காட்டாற்றங்கரையில் ஐந்து நாள் தங்கப் போகிறோம் என்று அப்பா சொன்னார். எத்தனையோ தரம் நான் கேட்டு அழுதிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் வயல், மழை, காய்ச்சல் என்று ஒரு காரணம். இந்தமுறை கேட்காமலே கிடைத்தது. அக்கா வரமாட்டாளா என்று கேட்டேன்.

"அவவுக்கு இனி வீட்டு வேலை இரிக்கு" என்றார் அப்பா. எனக்கு அக்காவை நினைக்கப் பாவமாக இருந்தது.

ஒரே கவலை என் புள்ளிக்கோழி. உடைந்த ஓலைக் கடகத்துக்குள் பன்னிரண்டு முட்டைகளின் மேல் அடையிருந்தது. பொரிக்க ஐந்தாறு நாள்தான். அக்காவுக்குக் கோழியைத் தொடவே பயம். அத்தானோ புது மனிதர். அவர் முற்றத்தில் இருந்தால் அம்மாகூடக் குசினியை விட்டு வெளியே வருவதில்லை. குஞ்சு வெளியே வருவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உழவு மிசினின் இழுவைப் பெட்டியில் ஏறினேன்.

செங்கலடியைத் தாண்டி, பதுளை வீதியில் வெகுதூரம் போய், பிறகு வண்டித் தடத்தில் குலுங்கிக் குலுங்கிப் போனோம். விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள் தங்கிப்போகும் சின்ன இடம். மருதமர நிழல், கரிபிடித்த மூன்று கல், போகிறவர்கள் முறித்து வைத்த இலைக்குழைகளுக்குள் புதைந்த ஒரு பிள்ளையார் கல். ஆறு மெலிந்து மணலின் ஓரத்தால் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா இரண்டு மரங்களுக்கிடையில் கயிறு கட்டி, நெல் காயப்போடும் படங்கை அதன்மேல் போட்டு இழுத்துக் கட்டினார்.

அம்மா இறங்கியதும் ஒரு குழையை முறித்துக் காட்டைக் கூட்டத் தொடங்கினார். காட்டைக் கூட்டுகிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன். சட்டிபானைகளை எங்கள் குசினியில் இருந்த அதே ஒழுங்கில் அடுக்கினார். அடுப்புக் கல்லை இரண்டுமுறை திருப்பி வைத்தார். கடைசியில் படங்குக்கு முன்னால் இரண்டு கம்பை நட்டு, "இதுதான் படலை. இதால வரோணும், இதால போகோணும்" என்றார். நான் அதனூடாக இருபது தரம் ஓடியிருப்பேன்.

மறுநாள் காலை, மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீரில் அம்மா தேநீர் வைத்தார். அப்பா கோப்பையை வாங்கிக்கொண்டு படங்கை அண்ணாந்து பார்த்தார்.

"கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து நான் உன்ட வீட்டிலதான் இருந்தன். இப்பதான் நீ என்ட வீட்டில இரிக்கிறாய்."

"படங்கு என்ட அண்ணண்ட" என்றார் அம்மா.

அப்பாவுக்குப் புரைக்கேறிவிட்டது. இரண்டு பேரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு அடங்கியதும் அம்மா கேட்டார், "கிடுகு எப்ப வரும்?"

"வாற கிழம."

எதற்குக் கிடுகு, யாருடைய கூரைக்கு என்று நான் கேட்கவில்லை. ஆற்றில் மீன்குஞ்சு ஓடிக்கொண்டிருந்தது.

காட்டில் நாலாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. விடிந்ததிலிருந்து வீட்டுக்குப் போவோம், வீட்டுக்குப் போவோம் என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"எந்த வீட்ட?" என்றார் அம்மா. தெரியாமல் கேட்பது போலவே கேட்டார்.

"எங்கட வீட்ட. கோழி பொரிச்சிரும்."

அப்பா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் பின்னலை அவிழ்த்து, வலிக்க வலிக்க இறுக்கிப் பின்னினார். "போவம் மனே, போவம்."

எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும். அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு, அக்காவின் கழுத்தில் தாலி ஏறிய அன்றே அக்காவுடையதாகிவிட்டது. வயல்வட்டைக் கரையில் எங்களுக்காக அப்பா போட்ட குடிலில் கப்பும் வளையும் மட்டும்தான் நின்றன, கூரை வேயவில்லை. புதுப் பிள்ளைகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் கொஞ்ச நாள் எங்கேயாவது இருக்க வேண்டும், அதற்குத்தான் ஆறு. இதெல்லாம் நான் பிறகு அறிந்துகொண்டது. இப்போது நானிருக்கும் வீடும் அப்படித்தான், கூடாரம் காயப்போட்டவளுக்கு. சிலவேளை அதை மறந்துபோய்ச் சுவரில் ஆணி அடிக்கிறேன்.

ஐந்தாம் நாள் பின்னேரம் மிசின் எங்கள் படலையடியில் நின்றது. உள்ளே விடாமல் அப்பா ஏன் வீதியிலேயே நிறுத்தச் சொன்னார் என்று எனக்குக் கோபம். குதித்து ஓடினேன். புள்ளிக்கோழி முற்றம் முழுக்கத் தன்னுடையது என்பதுபோல் நடந்தது. பின்னால் பதினொரு குஞ்சு. பன்னிரண்டாவதை அக்கா கையில் வைத்திருந்தாள். பயந்த அக்கா, வெறுங்கையில்.

"இது நொண்டி. நீ கொண்டு போய் வளர்" என்று என்னிடம் தந்தாள். எங்கே கொண்டுபோக என்று விளங்காமல் வாங்கிக்கொண்டேன். குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். சட்டிபானைகள் வேறு ஒழுங்கில் இருந்தன.

திரும்பிப் பார்த்தால் அம்மா இன்னும் படலைக்கு வெளியே நின்றார். சேலையை உதறிச் சரிசெய்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, கோயிலுக்குள் நுழையப் போகிறவர் மாதிரி. தினமும் இடுப்பால் தள்ளித் திறந்த படலை அது. அப்பா பெட்டியை விட்டு இறங்கவேயில்லை.

அக்கா ஓடிப்போய் இரண்டு கையாலும் படலையைத் திறந்து பிடித்தாள். அவள் முகமெல்லாம் சந்தோஷம். அவளுடைய முதல் விருந்தாளிகள் நாங்கள்தான் என்று எனக்கு விளங்கவில்லை. நொண்டிக் குஞ்சு என் உள்ளங்கையில் கத்திக்கொண்டிருந்தது.

"ஏனம்மா வெளிய நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்றாள் அக்கா. "தேத்தண்ணி குடிச்சிற்றுப் போங்க."