மாமா வூஃபர் வைத்த கதை

மாமாவுக்குப் பாட்டில் பெரிய பிடிப்பு எதுவும் கிடையாது. பிக்கப் வண்டியில் கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த செட்டில் செய்தி மட்டும்தான் ஓடும். கண்ணாடிக் கடைக்கு லோடு அடிப்பவர் அவர். ஆளுயரக் கண்ணாடிகளை மரச் சட்டத்தில் சாய்த்து, நடுவே அட்டையும் பழைய கம்பளியும் செருகி, மேடு பள்ளம் பார்த்து ஊர்ந்து போகிற வேலை. அப்படிப்பட்டவர் ஒருநாள், "மாப்ள, வண்டிக்கு ஒரு வூஃபர் வைக்கணும், கூட வாடா" என்றார்.

அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பேரன் எடுக்கிற வயசுல ஆட்டம் போடப் போறாராம். என்னன்னு கேளு உன் மாமாவ."

மாமா செருப்பை மாட்டினார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். வாங்கிய பட்டத்துக்கு இன்னும் வேலை கிடைக்காததால், யார் எங்கே கூப்பிட்டாலும் கூடப் போகக்கூடியவனும் நான்தான்.

ஆடியோ கடைக்காரர் வாயில் இன்சுலேஷன் டேப் சுருளைக் கடித்துக்கொண்டே பேசுகிறவர். அவர் ஏதோ கேட்டதும் மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ பேசுடா, படிச்சவன்." பழைய செட்டையே வைத்துக்கொள்வதா, புதுசு மாற்றுவதா என்றுதான் கேட்டிருந்தார். பழையதே போதும் என்றேன். செட்டைக் கழற்றி, பின்னால் ஸ்பீக்கருக்குப் போகும் வயர்களில் ஒரு சின்னப் பெட்டியை இணைத்து, அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு இணைப்புக் கொடுத்தார். ஆம்ப்ளிஃபயருக்கான கரண்டை பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேராக இழுத்தார். வூஃபர் பெட்டிக்கு சீட்டின் பின்னால்தான் இடம். அதை உள்ளே தள்ளியதும் சீட் முன்னால் நகர்ந்து, மாமாவின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

"சீட்டு இனிமே சாயாதுண்ணே. பரவாயில்லையா?"

மாமா வேறொன்று கேட்டார். "வெளிய நிக்கிறவங்களுக்கு எவ்வளவு தூரம் கேக்கும்?"

கடைக்காரர் டேப்பை வாயிலிருந்து எடுத்தார். "எல்லாரும் உள்ள எப்படிக் கேக்கும்னுதான் கேப்பாங்க. நீங்க என்னண்ணே, தெருவுக்கே பொதுச்சேவையா?"

ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். வண்டியின் கதவெல்லாம் அதிர்ந்தது. கம்பெனி செட்டுக்கு ஒரு குணம் உண்டு என்றும், சத்தத்தை ஏற்ற ஏற்ற அதுவே பாஸை, அதாவது அடித்தொனியை, குறைத்துவிடும் என்றும் சொல்லிவிட்டு, அதைச் சரிக்கட்ட பாட்டை நிறுத்தி ஆம்ப்ளிஃபயரில் எதையோ திருகினார். மாமா கண்ணை மூடி, கதவில் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருந்தார். வெளியே நின்ற ஜெனரேட்டரின் அதிர்வு கடைத் தரையெல்லாம் பரவிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் அவர் தோளைத் தட்டினார். "எப்படிண்ணே இருக்கு?"

"பிரமாதம். இடி மாதிரி இருக்கு."

"இன்னும் திருப்பிப் பாட்டே போடலையேண்ணே!"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார், எங்கள் முகங்களைப் பார்த்த பிறகு. எனக்குப் பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

திரும்பும் வழியில் அவரே வண்டியை ஓரமாக நிறுத்தி செட்டை அணைத்தார்.

"தெரிஞ்சிடுச்சா?"

தலையாட்டினேன்.

"காது கேக்கலைன்னா செவிடன்டா. பாட்டுச் சத்தத்துல கேக்கலைன்னா டிரைவர். அவ்வளவுதான் வித்தியாசம்."

"டாக்டர்கிட்ட போலாம் மாமா." இரண்டாம் முறை கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"போயாச்சு. காதுல மிஷின் மாட்டச் சொல்றாங்க. மிஷின் மாட்டுனவன நம்பி எவன்டா கண்ணாடி ஏத்துவான்?"

"அத்தைக்குத் தெரியுமா?"

"அவ குரல் தேஞ்சு போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். நம்பிட்டா. தேன் குடிச்சிட்டு இருக்கா பாவம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கண்ணாடி லோடோடு ரிவர்ஸ் வரும்போது பின்னால் ஒருவர் நின்று "வரட்டும், வரட்டும், நிறுத்து" என்று குரல் கொடுப்பார். அந்த "நிறுத்து" கேட்காவிட்டால் கண்ணாடி போகும். ஒருவேளை ஓர் ஆளே போகலாம். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றும். சொன்னால் அவர் வேலை போகும், அந்த வீட்டில் வேறு வருமானம் இல்லை என்பதும் கூடவே தோன்றும். ஒரு பொருளாதாரப் பட்டதாரி இதில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் நான் செய்தது, தினமும் அவரோடு லோடுக்குப் போய், பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நின்று கையைக் காட்டியதுதான்.

வூஃபர் என்னவோ அதன் வேலையைச் செய்தது. லோடு ஏற்றுகிறவர்கள் வண்டியைத் தட்டி, "டிஜேண்ணே, பாட்டக் கொஞ்சம் குறைங்க!" என்று கத்துவார்கள். அவர் குறைத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பார். ஒருமுறை கத்தப் பழகிய வாய்கள் அதன் பிறகும் கத்தியேதான் பேசின. அவர் எத்தனை முறை திருப்பிக் கேட்டாலும் யாரும் எதையும் சந்தேகப்படவில்லை. பெயரும் டிஜே என்றே நிலைத்துவிட்டது. முழங்காலில் ஸ்டியரிங் இடித்த இடம் கன்றிப் போயிருந்தது. அதை மட்டும் அத்தை தைலம் போட்டுத் தேய்த்துவிட்டாள்.

ஒரு காலையில் லோடு ஏற்றி முடித்ததும் கண்ணாடிக் கடை முதலாளி வந்தார். பாட்டை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். மாமா அணைத்தார். முதலாளி கத்துகிறவர் அல்ல. என் பக்கத்து ஜன்னலில் கையை ஊன்றி, குனிந்து செல்போன் திரையைத் தள்ளியபடியே பேசினார்.

"இந்தச் சத்தம் கஸ்டமர் வீட்டுப் பக்கம் சரிப்படலண்ணே. ரெண்டு பேர் போன் பண்ணித் திட்டிட்டாங்க. இத்தனை வருசம் ஓட்டுறீங்க, உங்ககிட்ட நான் என்ன சொல்றது? அந்தப் பெட்டியக் கழட்டிட்டுப் பழையபடி ஓட்டுறீங்களா, இல்ல நான் வேற வண்டி பாத்துக்கவா?"

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். மாமா அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"சரிங்க முதலாளி."

"எது சரி? வேற வண்டி பாத்துக்கவா?"

"சரிங்க."

முதலாளி ஒரு கணம் அவரையே பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அவருக்குக் காது கேட்கவில்லை என்று சொன்னால் இந்த ஒரு "சரி"யிலிருந்து அவரைக் காப்பாற்றலாம். ஆனால் மற்ற எல்லாவற்றிலும் அவரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். "இல்லைங்க, அவர் வந்து..." என்று இழுத்தேன்.

"விடு தம்பி. பெரிய மனுசர், யோசிச்சுத்தான் சொல்வாரு," என்றார் முதலாளி. குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. "இந்த லோடோட முடிச்சுக்கலாம்."

அவர் கடைக்குள் போனதும் மாமா உற்சாகமாகத் திரும்பினார். "என்னடா சொன்னாரு? சிரிச்ச முகமாத்தான் வந்தாரு."

அவர் காதருகே குனிந்து சொன்னேன். முதல் தடவை பிடிபடவில்லை. இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னதில், கம்பளி மடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எடுத்துக் கீழே வைக்க அவருக்கு இடம் கிடைக்காததுபோல் இருந்தது.

"பெட்டியக் கழட்டுறேன்னு போய்ச் சொல்லுவோம் மாமா. இப்பவே போலாம்."

"அப்ப ஏன் சரின்னு சொன்னேன்னு கேப்பாரே," என்றார். "அதுக்கு என்னடா சொல்றது?"

இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். அவர் கேள்விக்கு உண்மையைத் தவிர வேறு பதில் அகப்படவில்லை.

மாமா இறங்கினார். பின்பக்கம் போய், இறுக்கமாக இருந்த கயிற்றையே அவிழ்த்து, கண்ணாடிகளை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி கட்டத் தொடங்கினார்.